வைகாசி மழைக்கு முன் வீட்டிலும் விளையிலும் முடிக்க வேண்டிய வேலைகள்

குமரி மாவட்டத்து வீடு வருடத்தில் இரண்டு தடவை நனைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இடையில் சுவர் முழுதாகக் காய நேரம் கிடைப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில்கூட மத்தியானத்துக்குமேல் இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். அதனால் பூச்சு வேலை எல்லாவற்றையும் மாசி, பங்குனியிலேயே முடித்துவிட வேண்டும். ஓடு மாற்ற, கையாலை (கல் தடுப்புச்சுவர்) கட்ட, தென்னைக்குத் தடம் (சுற்றுப் பாத்தி) எடுக்கச் சித்திரை போதும். மழை பெய்யும்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: எங்கே ஒழுகுகிறது என்று சாக்பீஸால் குறித்து வைப்பது. அந்தக் குறி பாதி வேலை.

ஓட்டுக்கூரை

ஒழுக்கு என்றதும் கூரைமேல் ஏற வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் கதவு சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற இடத்தையெல்லாம் குறியுங்கள். பிறகு பட்டியலிலும் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) கழுக்கோலிலும் (கூரை உச்சியிலிருந்து சரிந்து இறங்கும் மரம்) கறுத்த நீர்த்தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டின் அடிப்புறமாக ஊர்ந்து வரும் தண்ணீர் கழுக்கோலைப் பிடித்து இறங்கி, ஒன்றிரண்டு முழம் தள்ளித்தான் சொட்டும். எனவே சொட்டும் புள்ளியிலிருந்து மோட்டுப் பக்கமாக, அதாவது கூரை உச்சியை நோக்கித் தேடுங்கள்.

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. தேங்காயோ கொதும்போ (காய்ந்த பாளை மடல்) விழுந்து ஓடு கீறியிருக்கும். ஓட்டின் அடியில் பட்டியலைப் பிடிக்கும் குமிழ் உடைந்து ஓடு கீழே நழுவியிருக்கும். பட்டியல் இற்று வளைந்து வரிசையே கலைந்திருக்கும். அல்லது ஓட்டின் பக்கவாட்டுச் சாலில் (தண்ணீர் ஓடும் பள்ளம்) சவறு (உதிர்ந்த இலைக்குப்பை) அடைத்து, தண்ணீர் வழி இல்லாமல் ஏறி உள்ளே வழியும். கடைசியாகச் சொன்னது ரப்பர், பலா, அயனி மரங்களுக்கு அடியில் இருக்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது. அங்கே ஓடு ஒன்றும் உடைந்திருக்காது. தென்னை ஈர்க்குமாற்றால் சாலைக் கூட்டிவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும்.

ஓடு வாங்கப் போகும்போது கழற்றிய பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஓட்டில் எந்தத் தொழிற்சாலை என்று அச்சு இருக்கும். அச்சுக்கு அச்சு சாலின் அளவு ஓரிரு மில்லிமீட்டர் மாறும், அந்த இடைவெளி போதும் மழை புக. பழைய வீடு இடித்த சாமான் விற்கும் இடங்களில் அதே அச்சு கிடைக்கலாம். ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, சத்தம் செத்துக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கிறது. மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 140 வேண்டும். உடைசலுக்குப் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறுவது பனி காய்ந்த பிறகு. பாசி பிடித்த கூரையில் ஈரத்தோடு கால் வைக்கவே கூடாது. சாத்தும் ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்கட்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொரு ஏணியைக் கூரையின் சரிவில் படுக்கவைத்து, அடியில் சாக்கு கொடுத்து, மோட்டைத் தாண்டிக் கயிறு போட்டு மறுபக்கத் தூணில் கட்டுங்கள். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். பட்டியல்மேல், இரண்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் மட்டும் பாரம் கொடுக்கலாம். மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் இறவாரத்தை ஒட்டிப் போனால் அந்தப் பக்கம் ஏணியே வைக்காதீர்கள்.

மாற்றும் முறை எளிது. உடைந்த ஓட்டுக்கு மேல்வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கி மரத்துண்டு செருகுங்கள். அதன்மேல் சால் ஏறியிருக்கும் பக்கத்து ஓட்டையும் அதேபோலத் தூக்கிவைத்தால், உடைந்தது கீழ்நோக்கி உருவி வரும். புதியதை மேல்நோக்கித் தள்ளி, குமிழ் பட்டியலைத் தாண்டியதும் கீழே இழுங்கள். 'டக்' என்று பிடிக்க வேண்டும். பிடித்த பிறகே மரத்துண்டை எடுக்கலாம். பட்டியலையே மாற்றுவதானால் டேப் அளவை நம்பாமல், நன்றாக இருக்கும் பக்கத்துப் பட்டியல்களின் இடைவெளியை ஒரு குச்சியில் குறித்து அதையே பயன்படுத்துங்கள். அரை விரல் கூடினாலும் ஓட்டின் மேலேற்றம் குறைந்து சாரல் உள்ளே வரும்.

மோட்டு ஓட்டின் கலவை வெடித்திருந்தால் மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. பழைய கலவையை முழுக்கத் தட்டி எடுத்து, மோட்டு ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சட்டி சிமெண்டுக்கு ஐந்து சட்டி மணல் சேர்த்து உட்கார வையுங்கள். கூடுதல் சிமெண்டு உறுதி தரும் என்று ஒன்றுக்கு இரண்டு கலப்பவர்கள் உண்டு. அது காயும்போது அதிகமாகச் சுருங்கி, வெயிலில் வெடிக்கும். கலவையின் முகம் ஓட்டின் விளிம்புக்கு அரை விரல் உள்ளே நிற்கட்டும். வெளியே துருத்தினால் தண்ணீர் அதன்மேல் தங்கும். ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். கீறிய ஓட்டின்மேல் சிமெண்டு தடவுவது காசுக்குக் கேடு. ஓட்டு பெயிண்ட் அழகுக்கு, ஒழுக்குக்கு அல்ல.

மொட்டைமாடி

கான்கிரீட் தளத்தில் தண்ணீர் நுழையும் இடமும் கீழே தெரியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தளத்துக்குள் ஓடும் வயரிங் குழாய் வழியாகப் போய் ஃபேன் மாட்டிய இடத்தில் சொட்டும். அங்கே சொட்டினால் முதல் வேலை அந்த அறையின் எம்சிபியை (மின்பெட்டியிலுள்ள தானியங்கி சுவிட்ச்) அணைப்பது.

நுழைவு வழியைப் பிடிக்க, மழைநீர்க் குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். அதற்குமேல் உயரம் வேண்டாம், பழைய தளத்துக்குப் பாரம். சந்தேகமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கும் சோலார் ஹீட்டருக்கும் துளை போட்ட இடம். தளத்தின் நடுவில் ஒழுகுவதைவிட இந்த மூன்றில் ஒழுகுவதே அதிகம்.

மயிரிழைக் கீறலை உளியால் 'வி' வடிவில் 8 முதல் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் திறந்து, தூசியைத் துலக்கி, பாலிமர் கலந்த கலவையால் அடையுங்கள். திறக்காமல் மேலே தடவினால் பிடிப்பு இருக்காது. கைப்பிடிச் சுவர் மூலையில் ஒன்றுக்கு மூன்று கலவையில் லேடெக்ஸ் சேர்த்து, இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் சாய்வாக உருட்டிப் பூசுங்கள். செங்கோண மூலையில் எந்தப் பூச்சும் முதலில் அங்கேதான் கிழியும். அந்தச் சாய்வின்மேல் ஃபைபர் வலைப் பட்டையை, நீர்த்தடுப்புப் பூச்சின் முதல் கோட்டு ஈரமாக இருக்கும்போதே அமுக்கிவிட்டு, அடுத்த கோட்டு.

பூச்சு இரண்டு வகை. எதை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துத் தளத்தின் ஈரமும் மாறுகிறது, பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பொடியும் திரவமுமாக வரும் சிமெண்டு வகைக்குத் தளம் நனைந்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. காய்ந்த தளம் அதன் ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கிவிடும். டப்பாவில் பெயிண்டாக வரும் அக்ரிலிக், பாலியூரத்தேன் வகைகளுக்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சோதிக்க, ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு விளிம்பையும் டேப்பால் தரையில் ஒட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை, பூசினால் கொப்புளம் வரும். பூச்சு எதுவானாலும் இரண்டாம் கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக இழுங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்குமேல் தண்ணீர் சேர்த்துப் பரப்பைக் கூட்ட நினைக்காதீர்கள்.

சன்னல் கம்பி, சன்ஷேடு

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் சன்னல் கம்பியைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தும் சீக்கிரமே கொப்புளிக்கிறது என்றால், உப்பைக் கழுவாமல் அடித்திருப்பார்கள். முதலில் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்த பிறகே கம்பி பிரஷ். 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120. தேய்த்த அன்றைக்கே பிரைமர் போட வேண்டும். ஓர் இரவு உப்புக்காற்றில் விட்டால் மறுபடி துரு பூக்கும். மேலே எனாமல் இரண்டு கோட்டு. புதிதாக எவர்சில்வர் கைப்பிடி போடுபவர்கள் 316 வகை கேளுங்கள். 304 கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும்.

சன்ஷேடின் அடியில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிந்தால், துருவேறிய கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. தட்டினால் பொள்ளென்று கேட்கும் பகுதி முழுவதையும் உடைத்து, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் வரை திறந்து, பளபளப்பு வரும்வரை துலக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையை ஒரே தடவையில் திணிக்காமல் அடுக்கடுக்காகப் பூசுங்கள். கம்பி கால்வாசிக்குமேல் தின்றுபோயிருந்தால் அது கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய விஷயம். கடற்கரை மணலை எந்தக் கலவையிலும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள உப்பு இதே நோயை மறுபடி கொண்டுவரும்.

கையாலை

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து விளைகள் (தோட்டங்கள்) தட்டுத்தட்டாக இருப்பவை. தட்டைத் தாங்கும் கல் கையாலை மழையில் சரிவதற்குக் கல்லைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பின்னால் மண் தண்ணீர் குடித்துப் பாரமாகி, அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தள்ளுகிறது. சரிந்த இடத்தில் சிமெண்டு வைத்து இறுக்கமாக அடைத்துக் கட்டினால், கையாலை அடுத்த மழையில் இன்னும் பெரிதாகச் சரியும்.

மூன்றடி உயரம்வரை நீங்களே செய்யலாம். அதற்குமேல், அல்லது கையாலைக்கு மேலே வீடோ கிணறோ இருந்தால், கல்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். சரிந்த கல்லைப் பெரியது, நடுத்தரம், சில்லு என்று பிரித்துப் போடுங்கள். நன்றாக நிற்கும் பகுதி வரும்வரை இருபுறமும் படிபடியாகப் பிரித்துவிட வேண்டும். அடியில் ஓரடி ஆழம் தோண்டி, மண் கெட்டியான இடத்தில் பெரிய கல்லை உள்பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். அடியின் அகலம் உயரத்தில் பாதி. மேலே போகப் போக, ஓரடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் மேட்டுப்பக்கம் சாய்ந்து வர வேண்டும். ஒரு கல்லின் சந்துமேல் அடுத்த கல்லின் நடு உட்காரட்டும். மூன்றடிக்கு ஒன்றாவது, முன்முகத்திலிருந்து மண்ணுக்குள் நீளமாகப் போகும் கட்டுக்கல் தேவை. கல்லின் நீண்ட பக்கத்தை முன்னால் காட்டி வைப்பது பார்வைக்கு லட்சணம், பிடிப்புக்கு ஆகாது.

பின்னால் மண்ணைக் கொட்டுவதற்கு முன் ஓரடி அகலத்துக்குச் சில்லும் சரளையும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சந்துகள் வழியாக வெளியே வரும். சிமெண்டு வைத்துத்தான் கட்டுவேன் என்றால், தரைக்குச் சற்று மேலே ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாயைச் சரிவாக வையுங்கள், பின்வாயில் சரளை. மேல்தட்டில் ஓடும் மழைநீரைக் கையாலை விளிம்பில் விழவிடாமல், இரண்டடி தள்ளி ஒரு சால் வெட்டி ஓரமாகத் திருப்புங்கள்.

தென்னந்தடம்

மரத்திலிருந்து ஆறடி தூரம்வரை சுற்றிலும் தடம் எடுக்க வேண்டும். நடுவில் மண் உயர்ந்து, ஓரம் தாழ்ந்து இருக்கட்டும். மரத்தின் மூட்டில் (அடியில்) தண்ணீர் நிற்கக் கூடாது. ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இரண்டு தவணையாக, ஜூன்-ஜூலையிலும் டிசம்பர்-ஜனவரியிலும். கொட்டும் மழையில் போட்டால் யூரியா ஓடைக்குத்தான் போகும், மழை சற்று ஓய்ந்த நாளாகப் பாருங்கள்.

தொண்டு (தேங்காய் மட்டை) வீட்டில் சும்மா கிடந்தால் அதைப் புதைக்கலாம். மரத்திலிருந்து ஆறடிக்கு அப்பால் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் சால் வெட்டி, தொண்டின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போடுங்கள். ஐந்தாறு வருடம் ஈரம் பிடித்துவைக்கும். தடத்தின்மேல் பரப்பும் தொண்டை மட்டும் கவிழ்த்துப் போட வேண்டும். மல்லாந்து கிடந்தால் மழைநீர் அதில் தேங்கிக் கொசு பெருகும்.