ரோப்பா, தரையா? ஏற்காட்டில் சரித்திரப் படச் சண்டை எடுக்க

முதலில் ஷாட் பட்டியலில் ஒவ்வோர் அசைவுக்கும் எதிரே ‘தரை’ அல்லது ‘ரோப்’ என்று எழுதுங்கள். ரோப் என்றால் நடிகரைக் கம்பியில் கட்டித் தூக்கி எடுப்பது; தரை என்றால் கம்பியே இல்லாமல் எடுப்பது. ஆள் தானாகச் செய்யக்கூடிய எதற்கும் ரோப் வேண்டாம். இடுப்பளவு சுவரைத் தாண்டுவது, உருள்வது, உதை வாங்கி மல்லாந்து விழுவது எல்லாம் தரைக் கணக்கு. தலைக்கு மேல் எழும்புவதும் அடி வாங்கிப் பத்தடி பின்னால் பறப்பதும் ரோப் கணக்கு. குழப்பமாக இருந்தால் தரை என்றே எழுதுங்கள்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘சர்வாதிகாரி’யில் (1951) எம்.ஜி.ஆரும் நம்பியாரும் போட்ட வாள்சண்டையைப் பாருங்கள். கால் தரையில் ஊன்றி நிற்பதால்தான் வீச்சில் கனம் தெரிகிறது. சீனச் சரித்திரப் படங்களிலும் எல்லாமே ரோப் இல்லை. இயக்குநர் கிங் ஹூ பல தாவல்களை டிராம்போலின் என்ற துள்ளுவிரிப்பையும் எடிட்டிங்கையும் வைத்தே முடித்தார்.

தரைச் சண்டைக்குச் சிலம்பக் கம்பு நெற்றி உயரம் இருக்கட்டும். பிரம்பு போதும்; முற்றிய மூங்கில் பட்டால் விரல் போகும். ஒரு ஷாட்டுக்கு ஐந்தாறு வீச்சுக்கு மேல் வைத்தால் யாராவது ஒருவர் எண்ணிக்கையைக் கோட்டை விடுவார். வீச்சு எதிராளியின் உடம்புக்கு ஒரு சாண் தள்ளியே முடிய வேண்டும். கேமரா அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் இருந்தால் அந்த இடைவெளி தெரியாது, பக்கவாட்டில் வைத்தால் பல்லிளித்துவிடும்.

ரோப் வேலைக்குத் தேர்ந்த ஸ்டண்ட் யூனிட் இல்லாமல் இறங்கவே கூடாது. கம்பி ஆளின் எடையைப் போல் பத்து மடங்காவது தாங்க வேண்டும், முனைகள் வளைத்து, உலோக உறையால் பிரஸ் செய்து இறுக்கிய கண்ணியாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் அந்த நெளிவில்தான் அறும். ஹார்னஸில் (நடிகர் உடைக்குள் கட்டிக்கொள்ளும் பட்டைக் கச்சை) குட்டிக்கரணத்துக்கு இடுப்பின் இரு பக்கமும் கொக்கி, பின்னால் பறக்க முதுகில் ஒற்றைக் கொக்கி. உடையை ஒரு சைஸ் பெரிதாகத் தைத்து, கொக்கி வெளிவரும் இடத்தில் கீறல் விடுங்கள். ஃபோம் கவசத்தை உடையோடு சேர்த்துத் தைக்காவிட்டால் எழும்பும்போது தனியே மிதக்கும். டேக்குக்கு டேக் ஆளைக் கீழே இறக்குங்கள். ஹார்னஸில் சும்மா தொங்கினால் கால் மரத்து, மயக்கமே வரும்.

இரட்டை வேகக் கப்பியில் இழுப்பவர்கள் ஓரடி ஓடினால் நடிகர் இரண்டடி எழும்புவார். சுமையும் இரட்டிக்கும்: 70 கிலோ ஆளுக்கு 140 கிலோ இழுப்பு, உராய்வு தனி. நான்கு பேராவது வேண்டும்.

ரோப் ஷாட் பொம்மைபோலத் தெரிய இரண்டே காரணம். ஒன்று, நடிகர் முழங்காலை மடக்கி உந்துவதற்கு முன்பே இழுத்துவிடுவது. இழுப்பவர்கள் மாஸ்டரின் குரலுக்காகக் காத்திராமல் நடிகரின் முழங்காலையே பார்க்க வேண்டும். அது நிமிரும் நொடியில் இழுப்பு. இன்னொன்று, பாதம் தரை தொடும்வரை எடையைப் பிடித்துக்கொண்டே இறக்குவது. கடைசி ஒரு சாணைத் தளர விடுங்கள்: முழங்கால் மடங்கும், காலடி மண் தெறிக்கும். அந்த இடத்தில் காய்ந்த மண்ணைத் தூவி வையுங்கள். இந்த இரண்டும் சரியாக வந்தால் நடுவில் ஆள் எவ்வளவு பறந்தாலும் கண் நம்பிவிடும்.

ஏற்காட்டுக்கென்று சில தொல்லைகள் உண்டு. காபித் தோட்டத்து சில்வர் ஓக் நெடுநெடுவென்று நிற்பதைப் பார்த்துக் கிளையில் கப்பி மாட்டாதீர்கள், சட்டென்று முறியும். பெரிய கிரேனை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றுவது பெரும்பாடு, பிரித்து ஏற்றும் டிரஸ் (கப்பி மாட்டும் உலோகச் சட்டகம்) நல்லது. பகோடா பாயிண்ட் போன்ற விளிம்புகளில் காற்றடித்தால் ஒற்றைக் கம்பியில் தொங்குபவர் பம்பரமாய்ச் சுற்றுவார். சமதளத்தில் டிரஸ் நிறுத்தி, கேமராவைத் தரையோடு வைத்து வானத்தைப் பின்னணியாக்கினால் உயரம் தானே கிடைக்கும்.

பிறகு கணினியில் கம்பியை அழிக்கவும் அந்த வெறும் வானம்தான் வசதி. காபி இலைகள் பின்னால் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இலையைத் திரும்ப வரைய வேண்டிவரும். கம்பிக்கு மினுங்காத சாம்பல் நிறம் அடியுங்கள், கேமராவை அசைக்காதீர்கள். மூடுபனி ஐந்து நிமிடத்தில் பின்னணியையே மாற்றிவிடும் என்பதால் டேக் ஓகே ஆன கையோடு பிளேட்டையும், அதாவது அதே கோணத்தில் ஆளில்லாத வெறும் பின்னணியையும் எடுத்துவிடுங்கள். டீ அப்புறம்.