டியூட்டி மாறும் அந்தப் பத்து நிமிடம்

மருத்துவப் படிப்பை முடித்து முதல் ஆண்டுப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு மருந்து அளவுகளை நினைத்துத்தான் பயம் அதிகம். அவற்றைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதலில் பழக வேண்டியது, டியூட்டி முடியும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறை.

இதற்கு ‘ஐ-பாஸ்’ என்று ஒரு வரிசை உண்டு. நோயாளியின் நிலை எவ்வளவு தீவிரம், நோய் விவரச் சுருக்கம், பாக்கி வேலைகள், எது மோசமாகலாம், அப்படி ஆனால் என்ன செய்வது. அப்புறம், கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் இதைக் கொண்டுவந்தபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பெரும்பாலும் விட்டுப்போவது ‘அப்படி ஆனால் என்ன செய்வது’ என்ற பகுதிதான். “பொட்டாசியம் ரிசல்ட் வரும், பார்த்துக்கோங்க” என்றால் போதாது. “எட்டு மணிக்கு வரும். அளவு 6க்கு மேல் இருந்தால் உடனே இசிஜி எடுத்துவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு, அந்த நோயாளியை முன்பின் பார்த்திராத ஒருவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை தெரியுமா!

நீங்கள் பொறுப்பேற்கும் பக்கம் என்றால், மிகவும் மோசமாக இருப்பவர் யார் என்று கேட்டு, அவரை முதலில் நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சீனியரை எழுப்பத் தயங்கவே வேண்டாம்.