தக்காளிப் பூ காய்பிடிக்காமல் உதிர்வது ஏன், அதற்கு என்ன செய்யலாம்

மாடித் தோட்டத்துத் தக்காளிச் செடி கொத்துக் கொத்தாகப் பூத்தும் ஒரு பிஞ்சுகூட நிற்காமல் எல்லாம் தரையில் கிடந்தால், பெரும்பாலோர் முதலில் தேடுவது உரத்தைத்தான். ஆனால் தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் இந்தப் பூ உதிர்வுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இரவு நேர வெப்பமும், பூவுக்குள் மகரந்தம் சரியாகக் கொட்டாமல் போவதும் ஆகும். இவை இரண்டையும் எந்தக் கரைசலாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே தெளிப்பானைக் கையில் எடுக்கும் முன், உதிர்ந்த பூவை எடுத்துப் பார்ப்பது நல்லது.

தக்காளிப் பூவின் காம்பில், நடுவில் ஒரு சிறு கணு முடிச்சுப்போல் புடைத்திருக்கும். பூ உதிரும்போது எப்போதும் இந்த இடத்தில்தான் ஒடிகிறது. உதிர்வதற்கு ஓரிரு நாள் முன்பே கணுவிலிருந்து பூ வரையுள்ள பகுதி மஞ்சளாகிவிடுவதைக் காணலாம். சூலகத்தில் கருவுறுதல் நடந்தால் அங்கு ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரந்து காம்பு வழியாக இறங்கும். அந்த வரத்து இருக்கும்வரை கணு உறுதியாக நிற்கும். வரத்து குறைந்தால், உதிர்வைத் தூண்டும் எத்திலீன் வாயுவின் கை ஓங்கி, கணுவில் உள்ள செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. காய்பிடிக்க வாய்ப்பில்லாத பூவுக்குச் செடி மேற்கொண்டு சத்தைச் செலவிடுவதில்லை என்பதே இதன் பொருள்.

வெப்பத்தின் கணக்கு இதுதான். தக்காளி நன்றாகக் காய்பிடிக்க இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது சிறந்தது. இரவில் 24 டிகிரிக்கு மேலும் பகலில் 35 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து நீடித்தால், பெரும்பாலான இரகங்களில் மகரந்தம் முளைக்கும் திறனை இழந்துவிடுகிறது. சென்னையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நள்ளிரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது; பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை வெளிவிடுவதால், மாடியில் நிலைமை இன்னும் கடுமையாக இருக்கும். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. வெப்பத்துக்கு மிகவும் அஞ்சுவது விரிந்த பூ அன்று. விரிவதற்கு ஏறத்தாழ 8 முதல் 13 நாள் முன்பு மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் பருவம்தான் அது. எனவே நேற்று பெய்த கோடை மழையில் காற்று குளிர்ந்த பிறகும் இன்று பூ உதிர்ந்தால் வியப்பதற்கில்லை. அந்தப் பூவுக்குக் கேடு போன வாரமே நேர்ந்துவிட்டது. அதேபோல் இன்று செய்யும் எந்த மாற்றத்தின் பலனும் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

காரணத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு மேல், நன்கு விரிந்து இதழ்கள் பின்னோக்கி மடங்கிய பூ ஒன்றின் அடியில் கறுப்பு நிறத் தட்டையோ அணைத்து வைத்த கைப்பேசியின் திரையையோ பிடித்துக்கொண்டு, பூவின் காம்பை விரலால் நான்கைந்து முறை சுண்ட வேண்டும். வெளிர் மஞ்சள் தூள் கொட்டினால் மகரந்தம் உருவாகியிருக்கிறது, அதை அசைத்துவிட ஆள்தான் இல்லை என்று கொள்ளலாம். ஒன்றும் கொட்டவில்லை என்றால் வெப்பமோ ஈரமோ காரணமாக இருக்கும். பிறகு பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மகரந்தப் பைகள் ஒட்டிச் சேர்ந்து உண்டான அந்தக் கூம்புக்குள்தான், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மறைந்திருக்க வேண்டும். கடும் வெப்பத்தில் அது கூம்பைத் தாண்டிப் பச்சை ஊசிமுனையாக வெளியே நீட்டிக்கொள்ளும். அப்படி நீட்டிய பூவில் தூள் இருந்தாலும் அது சூல்முடியில் படுவதில்லை. தட்டில் தூளுடன் மெல்லிய, வைக்கோல் நிறப் பூச்சிகள் ஊர்ந்தால் இலைப்பேன் தாக்குதல் இருக்கிறது. நீல நிற ஒட்டுப்பொறி வைத்து, வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம்.

தூள் கொட்டியும் காய்பிடிக்காத செடிக்குத் தேவை அதிர்வு மட்டுமே. தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. ஆயினும் அதன் தூள் கூம்பின் நுனியிலுள்ள சிறு திறப்பு வழியே, குலுக்கினால்தான் நன்றாக வெளிவரும். மரத்தைத் துளைக்கும் கருவண்டும் நீல வரித் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிரச் செய்து தூளை உதிர்க்கும் திறன் பெற்றவை. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அது வராது. நான்காவது மாடிக்கு இவை எப்போதாவதுதான் வரும், காற்றையும் கைப்பிடிச் சுவர் தடுத்துவிடும். ஆகவே நாள்தோறும் காலை பத்திலிருந்து நண்பகலுக்குள், பூங்கொத்தின் தண்டை விரலால் சுண்டிவிட வேண்டும். மின்சாரப் பல்துலக்கி இருந்தால் அதன் பின்புறத்தைக் காம்பில் இரண்டு நொடி வைத்தாலே போதும். அதிகாலையில் பனி ஈரத்தில் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அப்போது தட்டிப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழையில் நாள் முழுதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும்போதும் இதே சிக்கல்தான். வெயில் தலைகாட்டும் நேரம் பார்த்துத் தட்ட வேண்டும், தண்ணீரையும் இலையின் மேல் ஊற்றாமல் அடியில் ஊற்ற வேண்டும்.

உரத்தைப் பொறுத்தவரை குறைவைவிட மிகுதியே அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. இலை கரும்பச்சையாகவும் தண்டு பெருவிரல் பருமனாகவும் இருந்து, பூ மட்டும் உதிர்ந்தால், தழைச்சத்து மிஞ்சிவிட்டது. கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம், பஞ்சகவ்யம் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டுப் பூ நிற்கவில்லை என்று வருந்துவோர் உண்டு. அத்தகைய செடிக்கு இரண்டு மூன்று வாரம் எதுவும் கொடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றி, பிறகு சாம்பல் சத்து (பொட்டாஷ்) மிகுந்த உரமாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

தண்ணீரில் சீர் வேண்டும். காலையில் வெள்ளமாக ஊற்றி மறுநாள் மறந்துவிடுவதால், நண்பகலில் வாடி மாலையில் நிமிரும் செடி அன்றைய பூக்களைக் கைவிட்டுவிடும். சிறிய பைகளில் இது நாள்தோறும் நிகழும். குறைந்தது 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள க்ரோ பேக், மேலே காய்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்கு ஆகியவை வேர்ப்பகுதியின் சூட்டையும் தணிக்கும். மார்ச் முதல் 35 விழுக்காட்டு நிழல்வலையைக் கட்டலாம். 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வலையையோ ஆறு மணி நேர வெயில்கூடக் கிடைக்காத மூலையையோ நாடினால், போதிய ஒளியின்றி அதனாலேயே பூ உதிரும்.

பூ உதிர்வதைத் தடுக்க, தேங்காய்ப் பாலையும் மோரையும் புளிக்க வைத்துச் செய்யும் தேமோர் கரைசலைப் பலரும் பரிந்துரைக்கின்றனர். அதனால் தீங்கில்லை, ஆனால் இரவு 27 டிகிரியில் கெட்டுப்போன மகரந்தத்தை அது உயிர்ப்பிக்காது. கடைகளில் கிடைக்கும் 4.5 விழுக்காட்டு என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) ஊக்கி, வெளியிலிருந்து ஆக்ஸினைக் கொடுத்துக் காம்புக் கணுவைப் பிடித்து நிறுத்துவதால் ஓரளவு பலன் தரக்கூடும். மிளகாய்க்குச் சொல்லப்படும் அளவு 4.5 லிட்டர் நீருக்கு 1 மில்லி, அதாவது 10 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 10 பங்கு). தக்காளியிலும் அதைத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் இலை சுருண்டு, இருக்கும் பூவும் கொட்டும். வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். ஏற்கெனவே இலை சுருண்டு, நுனி குறுகிப் புதர்போல் நிற்கும் செடியில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி புகுந்திருக்கும். அதற்கு எந்த ஊக்கியும் வீண், பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது. ஆண்டுதோறும் இது வரும் இடங்களில், அந்த நச்சுயிரியைத் தாங்கும் அர்கா ரக்ஷக் போன்ற கலப்பினத்தை நடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தீர்வு விதைக்கும் பட்டத்தில் இருக்கிறது. விதைத்ததிலிருந்து முதல் பூ வர ஏறத்தாழ 50 முதல் 60 நாள் ஆகும். சென்னை, கடலூர் போன்ற கடலோரப் பகுதிகளில் அக்டோபரில் நாற்று விட்டால், மழை ஓயும் டிசம்பர் நடுவில் பூக்கத் தொடங்கி, இரவு 21, 22 டிகிரியாக இருக்கும் சனவரி, பிப்ரவரியில் நன்றாகக் காய்பிடிக்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர்ப் பகுதியினருக்கு இந்த நெருக்கடி மிகக் குறைவு. அவர்கள் சொல்லும் காலக்கணக்கை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கோடையிலும் தக்காளி வேண்டும் என்போர், புது டில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெப்பத்தைத் தாங்கும்படி வெளியிட்ட பூசா சதாபஹார் போன்ற இரகத்தையோ, பெரிய காய்த் தக்காளியைவிட வெப்பத்தில் எளிதாகக் காய்பிடிக்கும் செர்ரித் தக்காளியையோ நாடலாம். மற்ற இரகங்கள் கைவசம் இருந்தால், மே மாதத்துப் பையில் வெண்டை விதைத்துக்கொண்டு தக்காளி விதையை அக்டோபருக்காக எடுத்து வைக்கலாம்.