டேக்டவுன் வில்லா, ஒன்பீஸ் வில்லா: முதலில் எதை வாங்குவது?

கழற்றி மாட்டும் டேக்டவுன் வாங்கவா, ஒரே துண்டாக வரும் ஒன்பீஸ் வாங்கவா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு எத்தனை பவுண்டு வில் (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) ஒத்துவரும் என்று தெரியுமா? தெரியாது என்றால் டேக்டவுன். யோசிக்கவே வேண்டாம்.

வில்லின் விசை லிம்பில்தான், அதாவது மேலும் கீழும் வளையும் பகுதிகளில்தான், இருக்கிறது. ஒன்பீஸில் லிம்பும் கைப்பிடியும் ஒன்றாக ஒட்டியவை. 45 பவுண்டு வாங்கினால் கடைசிவரை 45தான். டேக்டவுனில் நடுவிலுள்ள கைப்பிடிப் பகுதியான ரைசரை வைத்துக்கொண்டு லிம்ப் இரண்டை மட்டும் மாற்றலாம். பெரியவர்களுக்கே 25, 30 பவுண்டில் தொடங்குவதுதான் நல்லது. உடல் வலு உள்ளவர்களும் கனமான வில்லை எடுத்தால் தோளைத் தூக்குவார்கள், நாண் முகத்துக்கு வந்து சேரும் முன்பே விட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. சாமிக் சேஜ் மாதிரி 62 அங்குல டேக்டவுன் வில்லுக்கு 25 பவுண்டிலிருந்து ஐந்து ஐந்தாக ஏறும் லிம்புகள் வந்தன. முதுகு பழகப் பழக மாற்றிக்கொள்ளலாம்.

வில்லில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள கணக்கு. என் வில்லில் 40 பவுண்டு என்று இருக்கிறது. நான் இழுப்பது 26 அங்குலம்தான், ஆகவே என் விரலில் ஏறுவது சுமார் 35. அதே வில்லைக் கை நீளமானவர் 30 அங்குலம் இழுத்தால் 45ஐத் தொடும். அங்குலத்துக்கு இரண்டரை பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இழுக்கும் நீளத்தை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள், அதுவும் சில வாரம் எய்து பழகிய பிறகு. ஆரம்பத்தில் எல்லோருக்கும் நீளம் மாறிக்கொண்டே இருக்கும்.

டேக்டவுனிலும் இரண்டு வகை. போல்ட் போட்டு முடுக்கும் சாதாரண வகைக்கு அந்த ரைசருக்கென்று செய்த லிம்ப்தான் பொருந்தும். ஐஎல்எஃப் (ILF) என்ற பொதுப் பொருத்து வகையில் வேறு வேறு நிறுவனங்களின் லிம்புகள் ஒரே ரைசரில் உட்காரும். போல்ட்டைத் திருப்பி விசையையும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். கையில் காசு இருந்தால் நான் ஐஎல்எஃப் பக்கம்தான். எந்த வகையானாலும் நாண் ஏற்றியிருக்கும்போது லிம்ப் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

சரி, ஒன்பீஸ் யாருக்கு? பவுண்டும் நீளமும் நிலைத்துவிட்டவர்களுக்கு. எனக்கு அதுதான் உயிர். பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் இருக்கும், கைப்பிடி ஒல்லி, தளர போல்ட்டே கிடையாது. ஆனால் ஐந்தடி நீளத்தைப் பேருந்தில் கொண்டுபோவது கஷ்டம். டேக்டவுன் முதுகுப்பையில் அடங்கிவிடும்.

பழைய ஒன்பீஸ் வாங்குவதானால் நாண் ஏற்றிவிட்டு லிம்பின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். நாண் லிம்பின் நடுவில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்புறம் விரல் நகத்தால் ஓரங்களைத் தடவுங்கள். ஃபைபர்கிளாஸ் மரத்தை விட்டுப் பிரிகிற இடம் நகத்தில் தட்டும். அப்படித் தட்டினால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். 1960, 70களின் பேர் (Bear) நிறுவன வில்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன, அருமையான வில்கள். அவற்றுக்குக் கொஞ்சம் இழுபடும் டேக்ரான் நாண் மட்டும் போடுங்கள். இழுபடாத புதுவகை நாண் அந்தக் கால லிம்பு நுனியைப் பிளந்துவிடலாம்.

நாண் ஏற்ற எப்போதும் ஸ்ட்ரிங்கர் கயிறு பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் கொடுத்து வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைக்காதீர்கள், பசை இளகும். ஒன்பீஸ் என்றால் சுவரில் இரண்டு முளை அடித்துப் படுக்கை வாட்டில் வையுங்கள், மூலையில் சாய்த்து வைக்க வேண்டாம்.