பழைய தேவாலயத்துக்குள் நாம் விடுகிற பிழைகள்: திருமலைக் கற்கள் சிலவற்றை வைத்து

திருகோணமலைக்கு, எங்கள் வாயில் திருமலைக்கு, வரும் சொந்தக்காரரை எங்கே கூட்டிப்போவது என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை. இடையில் பொழுது மிஞ்சினால், "அந்தப் பழைய சேர்ச்சையும் ஒருக்கா எட்டிப் பார்ப்பமா?" என்று யாராவது கேட்பார்கள். எட்டிப் பார்ப்பதும் அப்படியே நடக்கும். கதவடியில் ஒரு படம், பீடத்துக்கு முன்னால் ஒரு படம், சுவரில் ஏதோ இங்கிலீசில் எழுதியிருக்கிறது, சரி வெளிக்கிடுவோம். பத்து நிமிடத்தில் ஓட்டோவில் ஏறியாயிற்று.

நானும் பல வருடம் அப்படித்தான் திரிந்தேன். பிறகு கற்களை வாசிக்கும் பைத்தியம் பிடித்தது. பிடித்த புதிதில் செய்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பழைய கிறிஸ்தவக் கோவிலின் சுவரில் மங்கிப்போன பளிங்குப் பலகை ஒன்று இருந்தது. எழுத்துத் தெளியட்டும் என்று கைக்குட்டையைத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்துத் துடைத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே துணி கறுத்துவிட்டது. வந்தது ஊத்தையல்ல, எழுத்துக்குள் பூசியிருந்த கறுப்பு மை. கோவிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பின்னால் நின்றிருக்கிறார். "தம்பி, நூறு வருசம் மழைக்கும் உப்புக்காத்துக்கும் தப்பி நிண்டது" என்றார். அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஆகவே முதற் பிழை, துடைப்பது. பளிங்கு சுண்ணாம்புக் கல் இனம். புளிப்பு பட்டால் கரையும். வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குகிற கை, கோவிலில் பித்தளைப் பலகையைக் கண்டதும் சும்மா இருக்காது. திருவிழாவுக்கு முன் நல்ல மனதோடு யாரோ புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்க, அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் பளிங்கில் வடிந்து அரித்துவிடும். பித்தளையும் தேயத் தேய எழுத்தின் ஆழம் குறையும். மங்கிய எழுத்துக்கு மேல் புதுப் பெயின்ற் அடிப்பது இன்னும் மோசம். தூரிகை பிடித்தவருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் 3 என்ற இலக்கம் 8 ஆகிவிடும். செத்தவர் ஐம்பது வருடம் பிந்திச் செத்ததாகக் கல் சொல்லத் தொடங்கும். சோக்குக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வேண்டியது ஒரு கைபேசி லைற் மட்டும். அதையும் நேரே அடித்தால் கல் பளபளக்குமே தவிர எழுத்துத் தெரியாது. சுவரோடு ஒட்டினாற்போல பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் நிழல் விழும். இருந்ததே தெரியாத வரிகூட எழும்பி வரும். சில பலகைகளில் எழுத்தை வெட்டி, உள்ளே சிறு துளைகள் இட்டு, ஈயத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். காலப்போக்கில் ஈயம் கழன்று விழுந்துவிடும், துளைகள் மிஞ்சும். பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். அதைச் சிதைவு என்று கடந்து போகாமல் துளைகளை விரலால் தொடாமல் கண்ணால் தொடுத்துப் பாருங்கள், பெயர் வந்துவிடும். ஒருநாள் அப்படி ஒரு பெண்ணின் பெயரை அரை மணித்தியாலம் நின்று கூட்டி எடுத்தேன். வயது இருபத்திரண்டு.

உள்ளே போகும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று குழம்பத் தேவையில்லை. வாசற்படியைப் பாருங்கள், அங்கே செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். கத்தோலிக்கக் கோவிலில் நற்கருணை (பூசையில் இயேசுவின் உடலாகக் கொள்ளும் அப்பம்) வைக்கும் பேழைக்குப் பக்கத்தில் எரியும் சிறு விளக்கு அலங்காரம் அல்ல. அது எரிந்தால் நற்கருணை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுத்தால் வாங்கில் முழங்காலில் இருக்கும் அம்மாவின் மனம் நோகும். பூசை நேரத்திலும் ஆராதனை நேரத்திலும் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் கோவில்கள் வார நாளில் பூட்டிக் கிடக்கலாம். பக்கத்தில் குருமனை இருக்கும், தட்டிக் கேட்டால் திறந்துவிடுவார்கள்.

இனி எல்லோரும் விடுகிற பிழைக்கு வருவோம். சுவரில் பெயர் பொறித்த பலகையைக் கண்டதும், ஆள் அதற்குள்ளேயோ கீழேயோ இருக்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். சுவரில் இருப்பது பெரும்பாலும் நினைவுப் பலகைதான். ஆள் நடுக்கடலில் போயிருக்கலாம், காய்ச்சலில் வேறொரு துறைமுகத்தில் போயிருக்கலாம். "இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்" என்பதும் "இவரது நினைவாக" என்பதும் வேறு வேறு. முதல் வரியிலேயே அது இருக்கும். நாம்தான் பெயரைத் தேடி முதல் வரியைத் தாண்டிவிடுகிறோம். நிலத்தில் பதித்த கல்லையும் முழுக்க நம்பக் கூடாது. காலிக் கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையில் கிடக்கும் கல்லறைக் கற்களில் பல, பழைய சவக்காலையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தவை. கல் ஓரிடம், எலும்பு ஓரிடம்.

இதற்குத் தலைகீழான கதை திருமலையிலேயே உண்டு. பழைய புனித ஸ்தேவான் சேமக்காலையில் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஜோன் ஆஸ்டின் அடங்கியிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. பர்மாவில் இரண்டாவது யுத்தம் நடந்தபோது கடற்படைக்குத் தலைமை வகித்துப் போனவர், 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியால் இறந்தார். உயிர் போனது பர்மா ஆற்றில், உடல் வந்தது எங்கள் ஊருக்கு. அவரைத் தேடி வெளிநாட்டுக்காரர் வருவார்கள். ஊரில் அந்த மதிலைத் தினமும் தாண்டிப்போகிற எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள்.

அக்காவின் கல்லும் ஒரு பாடம். ஜேன் ஆஸ்டின் 1817இல் இறந்தபோது வின்செஸ்ரர் பேராலயத்தில் அவரை அடக்கி மேலே ஒரு கல் வைத்தார்கள். தகப்பன் யார் என்று இருக்கிறது, அவருடைய நற்குணம் இருக்கிறது, புத்திசாலித்தனம் இருக்கிறது. கதை எழுதினார் என்று ஒரு சொல் இல்லை. பிற்காலத்தில்தான் அதைச் சொல்லும் பித்தளைப் பலகை ஒன்றைச் சுவரில் வைத்தார்கள். கல்லில் இருப்பது செத்தவரின் வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. காசு கொடுத்தவர் எதைச் சொல்ல விரும்பினாரோ அதுதான் இருக்கும்.

ஆகவே கடைசி வரியைத் தவற விடாதீர்கள். யார் வைத்தது என்று அங்கேதான் இருக்கும். மனைவி வைத்தாரா, கூட வேலை செய்த அதிகாரிகளா, கப்பல்காரரா? மனைவி வைத்த கல்லில் அன்பான கணவன், அதிகாரிகள் வைத்த கல்லில் கடமை தவறாத வீரன், ஆள் ஒருவரே. வலப்பக்க அடி மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயரும் ஊரும் இருந்தால் அது கல் வெட்டிய பட்டறை. இலண்டனோ மதராசோ என்று இருக்கும். இறந்து, செய்தி போய், அங்கே வெட்டி, கப்பலில் ஏற்றி, இங்கே சுவரில் பதிக்க எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று யோசித்தால், குடும்பத்தின் துக்கத்துக்கு ஒரு நீளம் கிடைக்கிறது.

அப்புறம் யாருக்குக் கல் இல்லை என்பதையும் பாருங்கள். துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர், கப்பல் கட்டுந்துறையில் ஆணி அடித்தவர், அதிகாரியின் பிள்ளையைத் தூக்கி வளர்த்த ஆயா. அந்தச் சுவர்களில் அவர்கள் பெயரைத் தேடி அலுத்துவிட்டேன்.

கல் சொல்லாததைச் சனம் சொல்வதும் உண்டு. கோணேசர் கோயிலடியில், சுவாமி மலைப் பாறை விளிம்பில் பழைய கற்றூண் ஒன்று நிற்கிறது. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள் பிரான்சினா வான் றீட், காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து அங்கிருந்து குதித்துச் செத்தாள் என்று எந்த வழிகாட்டியும் கண் கலங்கச் சொல்வார். தூணில் இருப்பது பிரான்சினாவின் பெயர், நினைவாக நிறுத்தியது என்ற வரி, 1687 ஏப்ரல் 24 என்ற திகதி. காதலன் இல்லை, கப்பல் இல்லை, குதித்ததும் இல்லை. ஒல்லாந்த ஆவணங்களைத் துருவியவர்கள், அந்தப் பெண் அதற்குப் பிறகும் இருந்து கலியாணம் செய்ததாக எழுதியிருக்கிறார்கள். கதையைக் கேளுங்கள், நல்ல கதை. ஆனால் கல்லில் அப்படி எழுதியிருப்பதாக மற்றவருக்குச் சொல்லாதீர்கள். தூணின் உடம்பையும் பாருங்கள். அது ஒல்லாந்தர் செதுக்கியது அல்ல, கோயில் தூண்.

கோயிற்கல் என்றதும் கோட்டை வாசல் ஞாபகம் வருகிறது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். வாசலில், கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் அரசனின் பெயரோடு "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் தமிழ் எழுத்து வெட்டிய கல் இன்றும் இருக்கிறது, மீன் சின்னத்தோடு. மான்களுக்குப் பாண் போட்டுக்கொண்டே அதைத் தாண்டிப் போகிறோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்றால் எல்லாக் கல்லும் வெள்ளைக்காரன் காலத்தது என்று நினைக்காதீர்கள். தூணடியையும் படிக்கட்டையும் பாருங்கள். தாமரை இதழ் ஒன்று தலைகீழாகக் கிடக்கலாம். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, ஆகவே படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

வெள்ளைக்காரன் என்றால் இங்கிலீசுக்காரன் என்பதும் அதே வகைப் பிழை. இளநீல முகப்போடு நிற்கும் புனித மரியாள் பேராலயம் 1852இல் கட்டப்பட்டது, ஆட்சி பிரித்தானியருடையது. ஆனால் 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமான பிறகு, 1898இல் நியமிக்கப்பட்ட முதல் ஆயர் சார்ள்ஸ் லவீன் பிரெஞ்சு இயேசு சபையார். பிறகு வந்த ஆயர் கிளெனி அமெரிக்கர். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கம் இங்கே தடை. பூசை வைத்ததற்கே தண்டனை. ஆகவே கத்தோலிக்கக் கோவிலில் ஒல்லாந்தக் கவர்னரைத் தேடுவதும், அங்கிலிக்கன் கோவிலில் பிரெஞ்சுச் சாமியாரைத் தேடுவதும் வீண் வேலை. எந்தச் சபையின் கோவில் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பாலையூற்றுப் பக்கம் வீட்டில் போர்த்துக்கேய மொழி பேசிய பறங்கியர் குடும்பங்கள் உண்டு. ஒரு பெயரைக் கண்டதும் "இவர் லிஸ்பனில் இருந்து வந்தவர்" என்று முடிவு கட்ட வேண்டாம். அவருடைய பாட்டனுக்குப் பாட்டனும் இங்கேயே பிறந்திருப்பார்.

வாசிப்பதில் சறுக்குகிற இரண்டு மூன்று இடங்களும் உண்டு. பழைய அச்சில் எஸ் எழுத்து எஃப் மாதிரி நீண்டிருக்கும். பெயரைப் பிழையாக எழுதிக்கொண்டு வந்து குடும்பத்தைத் தேடுவார்கள். ஐ, எச், எஸ் என்ற மூன்று எழுத்தும் பின்னிப் பிணைந்து பீடத்தில் இருந்தால் அது கட்டியவரின் பெயர் அல்ல, கிரேக்கத்தில் இயேசு என்ற பெயரின் முதல் மூன்று எழுத்து. ரோம இலக்கத்தில் எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது. சின்னது முன்னால் வந்தால் கழிக்க வேண்டும். பேசாமல் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்து கணக்குப் போடுங்கள்.

உள்ளே பார்த்ததோடு திரும்பிவிடுவது கடைசிப் பிழை. சுவரில் பாதிக் கதைதான், மிச்சம் சேமக்காலையில். வைகாசியிலிருந்து ஆவணி வரை வெயில் கல்லைச் சுடவைக்கும், மார்கழியில் புல் முழங்காலுக்கு வளர்ந்திருக்கும், உள்ளே என்ன கிடக்கிறதோ. காலை ஏழு மணி நல்ல நேரம். சூரியன் சரிவாக விழுவதால் லைற்கூடத் தேவைப்படாது. மூடிய செருப்புப் போடுங்கள். பெட்டிக் கல்லறைகள் உள்ளே பொள்ளல், மேலே ஏறி இருக்காதீர்கள்.

நேரம் இருந்தால் அங்கிருந்து நிலாவெளி வீதியால் போர்க்கால மயானத்துக்கும் போங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. அதே நாள் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. அந்தக் கப்பலோடு போனவர்களை இங்கே தேடி வந்து, பெயரைக் காணாமல் ஏமாந்து நிற்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். கடலில் காணாமற்போன பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஊர்களின் நினைவுத் தூபிகளில் இருக்கின்றன. கோவில் சுவரில் பதவிக்கு ஏற்ற பளிங்கைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசம் தெரியும்: அதிகாரியின் கல்லும் சிப்பாயின் கல்லும் ஒரே அளவு. மாலையில் கேற்றைப் பூட்டிவிடுவார்கள், நாலு மணிக்கு முன் போய்ச் சேருங்கள்.