அட்ஜெக்டிவை ஜோடியாகப் படியுங்கள்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை முதல் தடவை எழுதியபோது எனக்கு ரைட்டிங்கில் 6. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய 6.5 வேண்டும். கோச்சிங் சென்டரில் ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருந்தார்கள். ஐந்நூறு அட்ஜெக்டிவ், பக்கத்தில் தமிழ் அர்த்தம். நைட் டியூட்டி முடிந்து வந்து உருப்போட்டேன். ‘கோபியஸ் – ஏராளமான’ என்று அதில் இருந்ததை நம்பி, பயிற்சிக் கட்டுரையில் ‘கோபியஸ் ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுதினேன். ஹாஸ்டல் தோழி படித்துவிட்டு, “ஏண்டி, பசங்க குடம் குடமா ஒழுகுறாங்களா?” என்றாள்.

சளி அதிகமாக வரும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் ‘கோபியஸ் சீக்ரீஷன்ஸ்’ என்று வாரத்துக்கு நாலு தடவை எழுதுகிறவள் நான்! ஜோடியாகத் தெரிந்த சொல்லைத் தனியாகப் பிரித்துப் படித்ததில் வந்த வினை.

அடைமழை என்கிறோம், அடைவெயில் என்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: மழைக்கு டொரென்ஷியல், வெயிலுக்கு ஸ்கார்ச்சிங்.

அதனால் நோட்டில் முதலில் பெயர்ச்சொல்லை எழுதி, பக்கத்தில் அதோடு சேரும் அட்ஜெக்டிவை எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும். உங்களுக்கு அத்துப்படியான இடத்தில் தொடங்குங்கள். நான் வலியில் தொடங்கினேன். “தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது சிஸ்டர்” என்றால் த்ராபிங் ஹெடேக். சுருக்கென்று குத்தினால் ஸ்டாபிங் பெயின். மந்தமாக வலித்துக்கொண்டே இருந்தால் டல் ஏக். உயிர் போகிற வலி எக்ஸ்க்ரூஷியேட்டிங். நாலும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டன. பிறகு பரீட்சைத் தலைப்புகள்: எவிடென்ஸுக்கு கம்பெல்லிங், டிராஃபிக்குக்கு ஹெவி. ‘ஹெவி’ சின்ன வார்த்தை என்று ஒதுக்காதீர்கள். சரியான இடத்தில் உட்கார்ந்த சின்ன வார்த்தை, தப்பான இடத்தில் நிற்கும் பெரிய வார்த்தையைவிட மேல். ரைட்டிங்கின் முதல் கேள்வியான அகாடமிக் டாஸ்க் 1-இல் வரும் கிராஃபை விவரிக்க ஸ்டீப், கிராஜுவல், மார்ஜினல் இருந்தாலே பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஜோடி சரியா என்று சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அர்த்தத்தைத் தாண்டி உதாரண வாக்கியம் வரை போங்கள். பல சொற்களுக்குப் பக்கத்தில் பி2, சி1 என்று அது எந்த மொழித்திறன் நிலைக்கான சொல் என்பதும் போட்டிருக்கும்.

வாடையையும் குறித்துக்கொள்ளுங்கள். த்ரிஃப்டி என்றால் சிக்கனக்காரர், ஸ்டிஞ்சி என்றால் கஞ்சர். ஸ்பீக்கிங்கில் சொந்த அப்பாவைப் பற்றிப் பேசும்போது இது மாறினால் வம்பு.

இன்னொன்று, எக்ஸாஸ்டட், ஃப்ரீஸிங் மாதிரி உச்சத்தில் இருக்கும் சொற்களுக்கு முன்னால் ‘வெரி’ போடக்கூடாது, ‘அப்ஸல்யூட்லி’ போடலாம். வெரி டயர்ட் சரி, வெரி எக்ஸாஸ்டட் தப்பு. இதை நான் சிவப்பு மையில் எழுதி வைத்தும், டியூட்டி முடிந்து வரும்போது வாயில் வருவது என்னவோ ‘வெரி எக்ஸாஸ்டட்’தான்.