மலை ஏற மிலிட்டரி பூட்ஸ் வாங்குறீங்களா, அடியில இருக்குற சோல் எப்படின்னு முதல்ல பாருங்க

சதுரகிரி, சிறுமலைன்னு ஏறுறவங்க பழைய ஆர்மி பூட்ஸ் தாராளமா வாங்கலாம், ஆனா லெதரோட பளபளப்ப பாத்து ஏமாறாதீங்க, சோல்தான் முக்கியம். பாலியூரித்தேன்ங்குற ஒரு வகை பிளாஸ்டிக் சோல்னா வருசக்கணக்கா குடோன்ல சும்மா கெடந்தாலே காத்து ஈரத்துல உள்ளுக்குள்ள இத்துப்போயிரும், வெளிய புதுசு மாதிரி இருக்கும், பாதி மலையில பிஞ்சு வந்துரும். நகத்தால அழுத்தி, நல்லா வளச்சுப் பாருங்க, வெடிப்பு விட்டா வேணாம். தையல் போட்ட ரப்பர் சோல்னா நம்பி எடுங்க.

சைஸ் 270னு போட்டிருந்தா அது பாதத்தோட நீளம், மில்லிமீட்டர்ல. சாயங்காலம் கால் வீங்குன நேரத்துல தடிமனான சாக்ஸோட போட்டுப் பாருங்க. நம்ம மதுர வெயிலுக்கு வாட்டர்ப்ரூஃப் வேணவே வேணாம், வேர்த்து அவிஞ்சிரும், ஓரத்துல ஓட்டை வச்ச ஜங்கிள் பூட்ஸே போதும். மான் பாக்கப் போறவங்க சத்தம் வராத மெத்துன சோலா எடுங்க (பாக்க மட்டும்தான், வேட்டைக்கு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில்).